மாப்பிள்ளைக்கு எந்த ஊர்?

அத்தியாயம் பதினொன்று

சம்மனசுபட்டித் தபாலாபீசில் சனிக்கிழமை மூன்று மணிக்குப் பை கட்டிவிடுவார்கள். அதற்குள் அருளம்மாள் ஓர் ஊரைத் தீர்மானம் பண்ணி, ஒரு கார்டில் எழுதி, பெட்டியில் போட்டுவிட வேண்டும். தவறினால் திங்கட்கிழமைதான். திங்கட்கிழமை போட்டது போய்ச் சேர்வதற்குள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் நாற்காலியில் வேறு எவளாவது உட்கார்ந்திருப்பாள்.

முப்பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகாத பெண்பிள்ளை, தன்னந்தனியாக ஓர் ஊருக்குக் குடிபோவதென்றால் சும்மாவா? அதுவும் ஆவூர் மாதா கோவில் பங்கைச் சேர்ந்த ஒரு பட்டியிலிருந்து. ஆனால் அவள்தான் என்ன செய்வாள், பாவம். பதினெட்டு வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்த கோவில் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பை ஒன்றாகச் சேர்த்துவிட்டு, "ஜூனிலிருந்து நீங்க வர வேண்டியதில்லை டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு மறுவாரமே அண்ணன் பங்கிராஸ் வீட்டில் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய விறகு அறையை ஒழித்து, சாணம் மெழுகி, "இனி இது ஒங்க தங்கச்சிக்கு, கடைசி வரைக்கும்" என்று மதினி மரிய செல்வி அறிவித்தாள். அவள் இதுவரை படுத்திருந்த அறை, ஆனி மாசம் கல்யாணம் ஆகப்போகிற அண்ணன் மகன் சந்தனராஜுக்கு.

அருளம்மாள் அந்த விறகு அறையைப் போய்ப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் இருந்தது. விறகுக்கு உள்தாழ்ப்பாள் எதற்கு? அன்றைக்குத்தான் அவள் முதல் கடிதம் எழுதினாள்.

பதில் மூன்று ஊர்களிலிருந்து வந்தது. மூன்றும் கடலோரம். அவள் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் மூன்று ஊரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே நல்லது கெட்டது போட்டு வைத்திருந்தாள். பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டிய பழக்கம் விடுமா?

கடலூரில் அடைக்கலமேரி இருக்கிறாள், டிரெயினிங்கில் கூடப் படித்தவள். பள்ளிக்கூட வேலையும் உண்டு, கன்னியாஸ்திரீகள் நடத்துகிற விடுதியில் இடமும் உண்டு. கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்குமாம். ஆனால் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களை விடுதியில் வைத்துக்கொள்வதில்லை. அருளம்மாளுக்கு நாற்பது முடிய இன்னும் ஏழு மாசம். அதற்குப் பிறகு என்ன என்று அடைக்கலமேரி எழுதவில்லை.

நாகப்பட்டினத்தில் கோவில் பக்கத்திலேயே வேலை. நாலைந்து வருஷத்துக்கு முன் அடித்த புயலில் போன ஓடுகளை இன்னும் பாதி வீடுகளில் மாற்றவில்லை என்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வாடகைக்கு விடுகிறவர் அனுப்பிய கார்டில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: 'கூட இருக்கும் ஆண் துணை யார்?'

தூத்துக்குடியைக் கடைசியில் எழுதியிருந்தாள். உப்பளத்துக்காரர்களின் பிள்ளைகள் படிக்கிற சின்னப் பள்ளிக்கூடம். அதன் பின்கட்டிலேயே டீச்சருக்கு ஒரு அறை. தண்ணீர் உப்பு, குடிக்கிற தண்ணீரை வரிசையில் நின்று பிடிக்க வேண்டும். வெயில் கண்ணைப் பறிக்கும். தெரிந்த முகம் ஒன்று கிடையாது. சம்மனசுபட்டியிலிருந்து அந்த ஊருக்குப் போனவர்களும் இல்லை, அங்கிருந்து வந்தவர்களும் இல்லை.

ஒரு வாரமாகத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். கடலூரா, நாகப்பட்டினமா? மனசு கடலூர் பக்கம்தான் சாய்ந்தது. ஏழு மாசமாவது நல்ல தண்ணீர் குடிக்கலாமே.

இதையெல்லாம் அண்ணனிடம் சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொல்லிப் பார்த்தாள். போன மாசம் கடலூர் என்று வாயைத் திறந்ததற்கு, பங்கிராஸ் இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. திட்டவில்லை, அடிக்கவில்லை, வயலுக்குப் போய் வரப்பில் உட்கார்ந்துகொண்டார். மூன்றாம் நாள் மரிய செல்வி வந்து, "டீச்சர், நீங்க செயிச்சிட்டீங்க, அவர் சாவட்டும்" என்றாள். அருளம்மாள் பேச்சை விட்டுவிட்டாள். விட்டுவிட்டு, ஓசைப்படாமல் ஒரு காரியம் செய்தாள். எந்த ஊர் என்றாலும் வயதுக்கு அத்தாட்சி கேட்கிறார்களே என்று கோவில் உபதேசியாரிடம் தன் ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டுக்குச் சொல்லி வைத்தாள்.

அந்தச் சர்ட்டிபிகேட்தான் வினையாக முடிந்தது.

* * *

சனிக்கிழமை காலை, கோவிலில் பூசைச் சாமான்கள் வைக்கிற அறையில் உபதேசியார் ஆரோக்கியமுத்து புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தார். சாமியார் ஆவூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மற்ற ஆறு நாளும் ஜெபம் சொல்வது, மணி அடிப்பது, பிறப்பு இறப்பு எழுதுவது எல்லாம் உபதேசியார்தான். நல்ல மனுஷர். இருபத்தாறு வருஷமாக ஒரு தப்புப் பண்ணியதில்லை. அதனாலேயே தான் செய்வது சரிதானா என்று யோசிக்கிற வழக்கமும் அவருக்கு இல்லை.

"கையெழுத்து வாங்கிட்டேன் டீச்சரம்மா. சாமிக்கும் ரொம்பச் சந்தோசம்" என்று சொல்லி, சர்ட்டிபிகேட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

சாமியாருக்கு எதற்குச் சந்தோஷம் என்று யோசித்தபடியே அருளம்மாள் வாங்கிப் பார்த்தாள். பிறந்த தேதி, தகப்பன் பேர், ஞானத்தாய் பேர் எல்லாம் சரியாக இருந்தன. கடைசி வரியில், முத்து முத்தான கையெழுத்தில், 'விவாகத்தின் பொருட்டு வழங்கப்பட்டது' என்று இருந்தது.

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. உபதேசியாரைக் குற்றம் சொல்லவும் முடியாது. இந்தப் பட்டியில் வளர்ந்த ஆள் ஒருவர் ஞானஸ்நான சர்ட்டிபிகேட் கேட்கிறார் என்றால், வேறு பங்கில் கல்யாணம் என்று அர்த்தம். அங்கே மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க, இங்கே மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க, அதற்குத்தான் அந்தச் சீட்டு. வேறு எதற்கும் எவரும் கேட்டதில்லை. இருபத்தாறு வருஷமாக எழுதிய வரியை அவர் பாட்டுக்கு இதிலும் எழுதிவிட்டார்.

"உபதேசியாரே, இது வந்து…" என்று ஆரம்பித்தாள்.

அவர் எங்கே கேட்டார்? "அண்ணன்கிட்ட நேத்துச் சாயந்திரமே சொல்லிட்டேம்மா. மாதா கெபிக்கிட்ட உக்காந்து அழுதுட்டாரு. நானும் அவர் அழுது பாத்ததில்ல. ஒங்க அப்பா செத்தப்பக்கூட அழல."

வீட்டுக்குப் போய் முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அருளம்மாள் சர்ட்டிபிகேட்டைச் சுருட்டி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். வைகாசி வெயில் ஒன்பது மணிக்கே மண்ணைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. வழியில் கிணற்றடியில் நின்ற இரண்டு பெண்கள் அவளைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவள் வகுப்பில் படித்தவர்கள்தான், இரண்டு பேருக்கும் இடுப்பில் பிள்ளை இருந்தது.

* * *

வீட்டில் அவளுக்காகக் காப்பி காத்திருந்தது. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று நினைக்க வேண்டாம். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மரிய செல்வி அவளுக்குக் காப்பி கலந்து கையில் கொடுத்தது இதுதான் முதல் தடவை. கருப்பட்டி தூக்கலாக இருந்தது.

"குடி அருளு, ஆறிப்போகும்" என்றாள் மதினி. கோபம் வந்தால் 'டீச்சர்', மற்ற நேரத்தில் 'ஒங்க தங்கச்சி' என்று புருஷன் மூலமாகவே பேசி வந்தவள், இன்று வாய் நிறைய 'அருளு' என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, ரெண்டாந்தாரமாத்தான் இருக்கும், அதுல ஒண்ணும் கேவலமில்ல, முதல் தாரத்துப் பிள்ளைங்க எத்தனை, பெரிய பிள்ளைகளா என்று விசாரித்தாள். கேட்டுக்கொண்டே அருளம்மாளின் முந்தானையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டாள்.

அருளம்மாள் வாயைத் திறந்தாள். மரிய செல்வி முந்திக்கொண்டாள்.

"நானும் பொம்பளதான அருளு. நீ அடுப்படியில எனக்குப் பின்னால நிக்கிறப்ப எல்லாம் எனக்குக் குத்தமா இருக்கும். ஒன் வாழ்க்கைய நான் இருந்துகிட்டு மறைக்கிறாப்புல. அந்தக் கடுப்புலதான் ஏதாச்சும் பேசிப்புடுவேன். மனசுல வச்சுக்காத."

திட்டினால் திருப்பிச் சொல்ல அருளம்மாளிடம் ஆயிரம் இருந்தது. காப்பியைக் குடித்தாள்.

உள்ளே பங்கிராஸ் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். அம்மாவின் தேக்குப் பெட்டி. அதன் அடியிலிருந்து ஒரு கூறைச் சேலையை எடுத்து மடியில் வைத்திருந்தார். அம்மா சாகும்போது அருளம்மாளின் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்தது. பதினேழு வருஷத்தில் மடிப்பு விழுந்த இடமெல்லாம் நைந்து, சரிகை கறுத்துப் போயிருந்தது. பங்கிராஸ் அந்தக் கறுப்பை எச்சில் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பங்கிராஸுக்கு எழுத்துத் தெரியாது. பேச்சும் அதிகம் கிடையாது. தங்கைக்கு வந்த நாலு இடமும் அப்பா படுக்கையில் விழுந்ததால் தள்ளிப்போய், தள்ளிப்போனது நின்றுபோய், பிறகு யாரும் வருவதே நின்றுவிட்ட கதை அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. இன்று பேசினார்.

"அப்பாவப் பாத்துக்க ஆளில்லன்னு ஒன்னைய இருக்கச் சொன்னேன். பதினோரு வருசம் மலம் மூத்திரம் எடுத்த. அவர் போன பெறகாவது பாத்திருக்கணும். பாக்கல. ராத்திரியில நெனச்சா நெஞ்சு அடைக்கும் ஆத்தா. இப்ப நீயாத் தேடிக்கிட்டியே. அண்ணனுக்கு நீ சொல்லலைங்கிற வருத்தம்கூட இல்ல."

சொல்லிவிட்டுச் சேலையை அவள் கையில் வைத்தார். இந்த மனுஷர்மேல் கோபமாகவே இருந்து அருளம்மாள் பழகிவிட்டாள். இவரும் ராத்திரியில் விழித்துக்கிடந்தார் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

ஆனாலும் விஷயத்தைச் சொல்லித்தானே ஆகவேண்டும். நேராகச் சொல்ல வரவில்லை. சுற்றி வளைத்தாள்.

"அண்ணே, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். மாப்பிள்ளையே இல்லைன்னு வைங்க. டீச்சர் வேலைக்குன்னு நான் ஒரு ஊருக்குத் தனியாப் போறேன்னா, அனுப்புவீங்களா?"

பங்கிராஸ் பெட்டியை மூடினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"தனியா எதுக்குப் போகணும்? சந்தனராஜுக்குப் பொண்ணு குடுக்கிறவங்க கீரனூர்லேர்ந்து வந்தப்ப முதல்ல கேட்டதே ஒன்னையப் பத்தித்தான். வீட்டோட இருக்கான்னேன். சரின்னாங்க. தனியா ஊர் ஊராப் போயிட்டான்னு வையி, அந்தப் பொண்ணு இந்த வாசப்படி மிதிக்காது. நான் உசுரோட இருக்கவரைக்கும் அது நடக்காது. அந்த விறகு ரூமுல நீ ராணி மாதிரி இருந்துக்கலாம்."

அவ்வளவுதான். வாசல் அடைபட்டது. இனி அழுது புலம்பினாலும், சாப்பிடாமல் கிடந்தாலும், அந்தக் கதவு திறக்காது. மதினி சொன்ன 'கடைசி வரைக்கும்' அவள் காதில் மறுபடியும் கேட்டது.

"அது கெடக்கட்டும்" என்றார் பங்கிராஸ், முகம் மறுபடியும் மலர. "மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?"

மரிய செல்வியும் அடுப்படியிலிருந்து வந்து நிலையில் சாய்ந்து நின்றாள்.

அருளம்மாளுக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. இந்தத் தப்பு ஒன்றுதான் அவளுக்கு இருக்கிற வழி. மாப்பிள்ளை இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் இல்லை. இவர்கள் இரண்டு பேரும் நம்பிக்கொண்டு நிற்கிறார்கள். ஓர் ஊர் பேரைச் சொன்னால் போதும், பெட்டி கட்டி, பஸ் ஏற்றி, கண்ணீர்விட்டு அனுப்பி வைப்பார்கள்.

கடலூர் என்று சொல்ல நாக்கு எழுந்தது. ஆனால் நெய்வேலியில் கரி வெட்டப் போகிறார்கள் என்று இந்தப் பட்டியிலிருந்தே நாலு குடும்பம் அந்தப் பக்கம் கிளம்பிக்கொண்டிருக்கிறதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை எவனாவது விடுதிக்கு வந்து, மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால்? நாகப்பட்டினம்? அது அதைவிட மோசம். ஆவணி பிறந்தால் பங்கே திரண்டு வேளாங்கண்ணிக்கு நடக்கும். பங்கிராஸ் தங்கை வீட்டில் ஒரு ராத்திரி தங்காமல் வருவாரா?

நல்ல தண்ணீரும், தெரிந்த முகமும், கோவில் பக்கத்து வேலையும் போயின. ஒரு வாரம் போட்ட கணக்கில் இது ஒன்றை மட்டும் அவள் எழுதவில்லை: எந்த ஊரில் பொய் அதிக நாள் உயிரோடிருக்கும்?

"தூத்துக்குடி" என்றாள்.

"அம்மாடி, அம்புட்டுத் தூரமா" என்றாள் மதினி. பிறகு, "பேரு என்ன?" என்று கேட்டாள்.

அருளம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். என்ன பேரைச் சொல்வது என்று தெரியாமல்தான் குனிந்தாள். மரிய செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்பவே புருசன் பேரைச் சொல்லக் கூச்சப்படுறா பாருங்க என்று பங்கிராஸிடம் சொல்லி, அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரலைச் சொடுக்கிக்கொண்டாள். பங்கிராஸும் சிரித்தார். அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக இருக்கையில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்?

இரண்டே முக்கால் மணிக்கு அருளம்மாள் தபாலாபீசுக்குப் போய்த் தூத்துக்குடிக்குக் கார்டு போட்டாள். 'வேலையை ஏற்றுக்கொள்கிறேன். ஜூன் முதல் தேதிக்கு முன் வந்து சேர்கிறேன். அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா என்று தயவுசெய்து தெரிவிக்கவும்.' கடைசி வரி வேண்டாம் என்று ஒரு தரம் நினைத்தாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பெட்டிக்குள் கார்டு விழுந்த சத்தம் கேட்டது. சந்தோஷம் வரும் என்று நின்று பார்த்தாள். வரவில்லை.

* * *

நாலரை மணிக்குப் பங்கிராஸ் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கையில் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலுமாக வந்தார்.

உபதேசியாரைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறாராம். நாளைக்கே முதல் ஓலை வாசித்துவிடலாமாம். தள்ளினால் மூன்று ஞாயிறு முடிய ஜூன் பாதி ஆகிவிடும், சந்தனராஜ் கல்யாணத்தோடு மோதும். இன்று சாயந்திர மணி அடிப்பதற்குள் மாப்பிள்ளை பேர், தகப்பன் பேர், பங்கின் பேர் மூன்றும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். "நீ பேரச் சொல்ல வேணாம் ஆத்தா, எழுதிக் குடு போதும்" என்று அதற்கும் அவரே ஒரு வழி கண்டுபிடித்து வந்திருந்தார். இரண்டாம் ஓலை அன்றைக்குத் தூத்துக்குடிக்கே வந்து, மாப்பிள்ளை வீட்டாரோடு பூசையில் நிற்பாராம்.

அருளம்மாள் தாளை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள்.

வீட்டுக்குள் சொன்ன பொய் வேறு. அது இந்த நாலு சுவருக்குள் கிடக்கும். சாமியார் பீடத்துக்கு முன்னால் திரும்பி நின்று, சனங்கள் முழங்காலில் இருக்க, இன்னாருக்கும் அருளம்மாளுக்கும் விவாகம் என்று வாசிப்பார். இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து அறிவிக்க வேண்டும், அறியாதது போல் இருந்தால் பாவம் என்பார். சின்ன வயதிலிருந்து அந்த வார்த்தையை எத்தனை தரம் கேட்டிருப்பாள். யாருக்காவது தடை தெரியுமா என்று ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. நாளைக்குத் தடை தெரிந்த ஆள் கோவிலில் ஒரே ஒருத்திதான் இருப்பாள்.

ஒரு பேர் எழுதத்தானே வேண்டும், உலகத்தில் பேருக்கா பஞ்சம் என்று தன்னையே சமாதானப்படுத்திப் பார்த்தாள். பென்சில் நகரவில்லை. இந்த ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துப் பிடித்துக் கொடுத்த கை, ஒரு பொய்ப் பேரை எழுத மாட்டேன் என்றது.

வெளியே அண்ணனிடம் போய் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அதற்கும் தைரியம் இல்லை. சேலையைத் துடைத்த அந்தக் கையைப் பார்த்த பிறகு அது முடியாது.

கடைசியில் எழுதினாள்.

'உபதேசியார் அவர்களுக்கு. மாப்பிள்ளை யாரும் இல்லை. சர்ட்டிபிகேட் கேட்டது வேலைக்கு. ஓலை வாசிக்க வேண்டாம். அண்ணனிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். எனக்கு வாய் வரவில்லை. அருளம்மாள்.'

நாலாக மடித்துக் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேண்ணே."

"பேரு நல்ல பேரா?"

"நல்ல பேருதாண்ணே" என்றாள்.

பங்கிராஸ் அந்தத் தாளை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். உபதேசியார் வீடு எட்டு வீடு தள்ளித்தான். மனுஷர் சும்மா போகக் கூடாதா? எதிரே வந்த நாகராசு என்ன காகிதம் என்று கேட்டதற்கு, "தங்கச்சிக்கு நாளைக்கு முதல் ஓலை" என்று தாளை உயர்த்திக் காட்டினார். கிணற்றடிப் பெண்களிடம் நின்று சொன்னார். யாரும் கேட்காத இடத்திலும் நின்று சொன்னார். அருளம்மாள் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தாளைப் பிடுங்கிவிட வேண்டும் என்று இருந்தது, தூணை விடவில்லை.

ஆறாவது வீட்டு முன்னால், கீரனூர் பஸ்ஸைவிட்டு இறங்கி, கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைக் கையில் பிடித்தபடி சந்தனராஜ் வந்துகொண்டிருந்தான். அருளம்மாள் மடியில் உட்கார்ந்து அ, ஆ எழுதியவன். தகப்பனுக்கு எழுத்துத் தெரியாது என்பதால் வீட்டுக்கு வருகிற காகிதம் எதையும் அவன்தான் வாங்கிப் படிப்பான்.

பங்கிராஸ் சிரித்துக்கொண்டே நீட்டினார். அவன் பிரித்தான். ஒரு தரம் படித்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான். பிறகு தலையைத் தூக்கி, தெருக்கோடி வாசலில் நின்ற அத்தையைப் பார்த்தான்.

அவனைச் சுற்றி அதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். பங்கிராஸ் மகன் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

"என்னடா முழிக்கிற? மாப்பிள்ளை பேரு என்ன போட்டிருக்கு? சத்தமாப் படி, எல்லாரும் கேக்கட்டும்."